ஓலை வாசித்த ஞாயிறு நான் ஏன் எழுந்து நின்றேன்

மகனே,

அன்புள்ள என்று தொடங்குவதுதான் வழக்கம். இன்றைக்கு அந்த வார்த்தை எழுதக் கை வரவில்லை. அன்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, அது எங்கே போகும்? ஆனால் நெஞ்சில் ஒரு குமட்டல் உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே தள்ளாமல் இனிப்பாக நாலு வரி எழுத என்னால் ஆகாது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை. செய்யாறில் கம்பெனிக்குப் பக்கத்தில் நண்பன் அறையில் இருக்கிறாய் என்று உன் அப்பா சொல்லித்தான் தெரியும். போன் செய்தால் எடுப்பதில்லை. "எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்ட இல்ல" என்று ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். எல்லார் முன்னாலும் நடந்ததற்கு எல்லார் முன்னாலும்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் ஊர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உன் பெயரையும் என் பெயரையும் எழுதவில்லை. நீ கட்டப்போகிற வளர்மதியின் பெயரை மட்டும் எழுதுகிறேன், அதுவும் அவளைக் கேட்டுக்கொண்டுதான்.

ஆரணியிலிருந்து செய்யாறுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் பழக்கமான பெண் என்று நீ சொன்னபோது நான் முகம் சுளித்தேனா? இல்லை. நெசவுக்காரர் வீட்டுப் பெண், சாமி கும்பிடுகிற பெண் என்றாய். இருக்கட்டுமே என்றேன். நானும் அப்பாவும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அவள் அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எங்களை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார். சொந்தக்காரர்கள் என்னவெல்லாம் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கே கல்யாணம் வைத்தாலும் சரி, சர்ச்சில் வைத்தாலும் வந்து நிற்கிறேன் என்றார். ஒன்றே ஒன்று கேட்டார். "பேர மட்டும் மாத்திடாதீங்கம்மா. அது எங்கம்மா பேரு. நான் அப்படித்தான் கூப்பிடுவேன்." மாற்ற மாட்டோம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாய்.

அவர் வாயைத் திறந்து சொல்லாத இன்னொன்று இருந்தது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வருடம் குருத்தோலை ஞாயிறு பவனி அவர்கள் தெரு வழியாகப் போனது. எப்போதும் அவர்கள் காலை வேலையை முடித்த பிறகுதான் நாம் அந்தப் பக்கம் திரும்புவோம். விடிந்ததும் தெரு நீளத்துக்குத் தறிக்கான பட்டு நூல்களை, பாவு என்பார்கள், இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகச் சரிபார்த்துக் காயவைப்பது அவர்கள் வேலை. அது காய்கிற வரை சைக்கிள்கூட அங்கே ஓரமாகத்தான் போகும். அந்த வருடம் யாரோ பெரிய மனிதர் பவனியைத் துவக்கிவைக்க வருகிறார், அவருக்கு வேறு வேலை இருக்கிறது என்று சீக்கிரமே கிளம்பிவிட்டோம். தெருவில் பாவு ஈரமாக நிற்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று வளர்மதியின் அப்பா கும்பிட்டுக் கேட்டார். நம் சபைக் கமிட்டிக்காரர்கள் ஜல்தி ஜல்தி என்று கத்தினார்கள். பவனிக்கு அனுமதி வாங்கியிருக்கிறோம் என்று கூட வந்த போலீஸ்காரரைக் காட்டினார்கள். ஒரு முனையை அவிழ்த்தும் விட்டார்கள். ஈரப் பட்டு மண்ணில் விழுந்து புரண்டது. அதைத் தாண்டித் தாண்டி நாம் ஓசன்னா பாடிக்கொண்டே போனோம். கழுதைமேல் ஏறி ஊருக்குள் வந்தவரைக் கொண்டாடும் நாள் அது. அவர் அந்தத் தெருவுக்கு அன்றைக்கு வந்திருந்தால் முதல் வேலையாகக் கீழே இறங்கிப் பாவின் முனையைப் பிடித்திருப்பார். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அன்றைக்கு நம்மிடம் கும்பிட்டுக் கேட்ட அதே மனிதர் நம்மை நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் கேட்ட ஒரே ஒரு விஷயத்தைத்தான் நீ அவர் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொடுத்தாய்.

நம் சபை ஆயரைப் பார்க்கப் போனது ஞாபகம் இருக்கிறதா? ஆலயத்தை ஒட்டிய அறையில் நீ, நான், அப்பா. ஞானஸ்நானம் எடுக்காத பெண்ணுக்கு இங்கே கல்யாணம் செய்ய முடியாது என்றார். அதை நான் தவறு என்று சொல்லவில்லை. ஒரு சபைக்கு அதன் விதி இருக்கும். எங்கள் விசுவாசம் இல்லாதவர்களுக்கு எங்கள் பீடத்தில் இடமில்லை என்று ஒருவர் நேராகச் சொன்னால் அது மரியாதையான பேச்சு. கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்து வேறு வழி பார்த்திருப்பேன். அந்தப் பெண் நம்பவில்லையே ஐயா, அவள் வீட்டுச் சாமியைத்தானே கும்பிடுகிறாள் என்று நான் சொன்னேன். அதற்கு அவர் சொன்னது இது. "உள்ள நம்புறாங்களா இல்லியான்னு யாரும்மா பாக்கப் போறாங்க? நம்பறேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். தலையில தண்ணி பட்டா எழுதிக்கலாம்." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நீயும் சிரித்தாய். வெளியே வந்ததும், "தண்ணி தானம்மா, அதுக்குப் போய் ஏன் பேஜார் பண்ற" என்றாய்.

தண்ணி தானா? அந்தத் தண்ணீருக்காக என் அப்பா என்ன பட்டார் தெரியுமா உனக்கு? சேத்துப்பட்டுப் பக்கம் அடுத்தவன் நிலத்தில் குனிந்தவர் அவர். அவர் பெயரை நிலத்துக்காரர்கள் வீட்டில் ஒரு குழந்தைகூடச் சொன்னதில்லை. 'டேய்' தான், கிழவனாகும் வரை 'டேய்' தான். சர்ச்சுக்குப் போனால் அரிசி கிடைக்கும், பால் பவுடர் கிடைக்கும் என்று அதற்காகத்தான் போனோம் என்று இன்றைக்கும் நக்கல் பேசுகிறார்கள். பேசட்டும். அவர் போனதற்குக் காரணம், அங்கே ஒரு மனிதர் அவரைப் பார்த்து உங்க பேர் என்னங்க என்று கேட்டார், அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லி வாங்க என்று கூப்பிட்டார். அவ்வளவுதான். அதற்கே போனார். பல வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மனம் ஒப்பிய பிறகுதான் அந்தத் தண்ணீருக்குத் தலையைக் குனிந்தார். அதுவரைக்கும் அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. பெயரை மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, இப்போதுதானே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அதை ஏன் மாற்ற வேண்டும் என்றாராம். செத்துக் கல்லறைக்குப் போகிற வரை அதே பெயர்தான். அந்த மனிதனின் பேரன் நீ. நீ தண்ணி தானே என்கிறாய்.

இதற்கு நடுவில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நம் சபையாரெல்லாம் மனிதச் சங்கிலி நின்றோமே, மதச்சார்பின்மையைக் காப்போம் என்று பேனர் பிடித்துக்கொண்டு. நான் வெயிலில் நின்றேன், கால் வலியோடு நின்றேன், மனதாரத்தான் நின்றேன். யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்தி மதம் மாற்றுவதில்லை, அது எங்கள் மீது சுமத்தப்படும் பழி என்று ஆயர் மைக்கில் பேசினார். அது உண்மை என்றுதான் நானும் கை தட்டினேன். தெருவில் அப்படிப் பேசிய வாய்தான் அறைக்குள் தலையில் தண்ணி பட்டா போதும் என்றது. நம்மை ஏசுகிறவன் நாளைக்கு இதைக் காட்டி ஏசினால் நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்? வெளியே ஒரு நாக்கு, உள்ளே ஒரு நாக்கு. நம்மைப் பிடிக்காதவர்கள் நம்மைப் பற்றிச் சொன்ன பொய்யை நாமே வேலை மெனக்கெட்டு உண்மையாக்கிக் கொடுக்கிறோம்.

தேர்தல் வந்தபோது பார்த்தாய் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்சி வேட்பாளர் வந்தார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மாலை, பின்னால் இருபது பேர். பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரைப் பீடத்துக்குக் கூட்டிப்போனார்கள். நம் ஊர்ப் பட்டுச் சால்வையைப் போர்த்தி, தலையில் கைவைத்து, இவருக்கே வெற்றி தாரும் என்று ஜெபித்தார்கள். அடுத்த ஞாயிறு எதிர்க்கட்சிக்காரர் வந்தார். அவருக்கும் அதே சால்வை, அதே ஜெபம், அவருக்கே வெற்றி. ஆண்டவர் பாவம், யாருக்கென்று கொடுப்பார்? நானும் இரண்டு தடவையும் ஆமென் சொன்னவள்தான். கல்லறைச் சுவர், சபைக்கூடத்துக்கு ரோடு என்று ஏதோ கேட்டார்கள், அவர்களும் ஆகட்டும் என்றார்கள். அவர்களில் ஒருவரிடமாவது ஞானஸ்நானம் ஆயிற்றா என்று யாராவது கேட்டார்களா? குங்குமம் வைத்தவரைப் பீடம் வரைக்கும் ஏற்றினார்கள். பொட்டு வைத்த பெண்ணை வாசலில் நிறுத்தி, பொய் சொல்லிவிட்டு உள்ளே வா என்கிறார்கள். அதிகாரத்தில் இருக்கிறவனுக்கு ஒரு விதி, இல்லாதவளுக்கு ஒரு விதி. இதைத்தானடா நிலத்துக்காரன் செய்தான்? அவனிடமிருந்து தப்பித்துத்தானே நாம் இங்கே வந்தோம்?

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஓலை வாசிப்பது உனக்குத் தெரியாததல்ல. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபைக்கு நடுவில் மாப்பிள்ளை, பெண் பெயரை அறிவித்து, இவர்கள் சேருவதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்பார்கள். என் வயதில் எத்தனை ஓலை கேட்டிருப்பேன், ஒருவரும் எழுந்து பார்த்ததில்லை. அடுத்த பாட்டுக்குப் பக்கத்தைத் தேடும் நேரம் அது. நானும் பக்கத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவள் ஞானஸ்நானத்துக்குச் சம்மதிக்கவில்லை, வேறு வழி பார்க்கலாம் என்று நீ ஆயரிடம் சொல்லிவிட்டாய் என்றே நினைத்திருந்தேன். யாரோ வேறு ஜோடியின் ஓலை என்று நினைத்தேன். உன் பெயர் கேட்டது. அதற்கப்புறம் பிளெஸ்ஸி என்று ஒரு பெயர் கேட்டது. யாரது பிளெஸ்ஸி என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்க வாயெடுத்தேன். அப்புறம்தான் புரிந்தது. அது என் மருமகள். ஞானஸ்நானம் ஆவதற்கு முன்னாலேயே, அவள் அப்பா இன்னும் வளர்மதி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, கமிட்டிச் செயலாளர் மனைவி தேர்ந்தெடுத்த பெயரை வைத்து ஓலையும் வாசித்தாயிற்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம் என்று நீயும் ஆயரும் பேசி முடித்திருந்தீர்கள்.

நான் எழுந்தேன். திட்டம் போட்டு எழவில்லை. கால் தானாக எழுந்தது. தடை இருக்குதுங்க ஐயா என்றேன். ஆயருக்குக் காதில் விழவில்லையோ, விழாத மாதிரி இருந்தாரோ, அடுத்ததைப் படிக்கப் போனார். மறுபடி சொன்னேன். கோயில் முழுக்க என் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளைக்கு அம்மாவே தடை சொன்னால் யாருக்குத்தான் என்ன செய்வதென்று தெரியும்? என்ன தடை என்று கேட்டார். நான் சொன்னதை நீயும் கேட்டாய், ஆனால் கோபத்தில் கேட்டிருப்பாய். திரும்பவும் எழுதுகிறேன். "அந்தப் பேர்ல ஒரு பொண்ணே இல்லிங்க ஐயா. இருக்கிறது வளர்மதி. அது இன்னிக்கும் அவங்க சாமி கோயிலுக்குப் போய்கினுதான் இருக்குது. நம்பாத பொண்ண நம்பறேன்னு சொல்ல வச்சி கல்யாணம் பண்ணாதீங்க. ஆண்டவர் பேரச் சொல்லிகினு பொய் படிக்காதீங்க." அவ்வளவுதான் பேசினேன். ஆண்கள் பக்கம் உன் அப்பா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ எழுந்து வெளியே போனாய்.

உன்னைக் கேட்காமல், உன்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், உன் கல்யாண ஓலையில் எழுந்து நின்றதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உனக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சொன்ன விஷயத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆயர் மேல் எனக்கு இருக்கும் அருவருப்பு ஒரு பங்கென்றால் உன் மேல் இரண்டு பங்கு இருக்கிறது. அவருக்குச் சபையில் ஆள் கூட வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். உனக்கு என்ன வந்தது? மண்டபம் கிடைக்கும், கேக் வெட்டலாம், வெள்ளை கவுனில் போட்டோ எடுக்கலாம், சொந்தக்காரர்கள் வாயை மூடலாம். அதற்காக ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் மனதில் இல்லாததைச் சொல்ல வைக்கச் சம்மதித்தாய். அன்று சாயங்காலமே நான் அவள் வீட்டுக்குப் போனேன். கோபப்படுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் கோபப்படவில்லை. "மனசுல இல்லாதத சொல்றதுக்கு எனக்கும் கூச்சமாதான் இருந்துச்சு அத்தே. அவரு கேட்டாரு, அதான் சரின்னேன். வேற வழி இருக்குதான்னு அவரு என்கிட்ட கேக்கவே இல்ல." இதைக் கேட்ட பிறகு எனக்கு உன் மேல் பரிதாபம்கூட வரவில்லை.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ரிடையர் ஆனவள். பிரசவ வார்டில் எந்தப் பெண்ணிடமும் நீ எந்தச் சாமி என்று கேட்டதில்லை. வலியில் அவர்கள் மாரியம்மா என்பார்கள், அல்லா என்பார்கள், இயேசப்பா என்பார்கள். நான் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பேன். அந்த அறை அரசாங்கத்துடையது, எல்லாருடையதும். அதில் என் விசுவாசத்தை நான் ஒளித்துவைக்கவில்லை, யார் மேலும் திணிக்கவும் இல்லை. இரவுப் பணிக்குக் கிளம்பும்போது ஜெபித்துவிட்டுப் போவேன், அங்கே போய் ரத்தம் துடைப்பேன். சபையும் இந்த ஊரில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஊர் நமக்குச் சொந்தமில்லை. தெரு நமக்கு மட்டும் இல்லை. சட்டத்தை வளைத்து நமக்கு ஒரு பங்கு கேட்கப் போகக் கூடாது, ஜெயிக்கிறவன் காலில் விழக் கூடாது. யாருக்கு ஆள் இல்லையோ அவர்கள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், நம் நம்பிக்கை இது என்று நேராகச் சொல்ல வேண்டும், நம்பாதவர்களை நம்பாதவர்களாகவே மதிக்க வேண்டும். இதற்கு மேல் ஒரு சபைக்கு இந்த நாட்டில் வேறு வேலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வளர்மதி என்றைக்காவது தானாக மனம் வந்து தலையைக் குனிந்தால் சந்தோஷத்தில் அழுகிற முதல் ஆள் நான்தான். குனியாமலே கடைசிவரை இருந்தாலும் அவள் என் மருமகள்தான்.

வழி இல்லாமல் இல்லை. ரிஜிஸ்தர் ஆபீஸ் இருக்கிறது. இரண்டு மதத்துக்காரர்கள் மதம் மாறாமல் சேருவதற்கென்றே சட்டம் இருக்கிறது. நோட்டீஸ் ஒட்டுவார்கள், கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன். அவள் அப்பாவும் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு நம் வீட்டில் நான் ஜெபிக்கிறேன், அவர்கள் வீட்டில் விளக்கேற்றட்டும். சபையில் ஆசீர்வாதம் தருவதாக இருந்தால் தரட்டும், இல்லையென்றால் விடு. இதை உன் அப்பாவிடமும் சொன்னேன். ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். ஊர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன்.

எனக்கு நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆராதனையைக் குலைத்ததற்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்கும் வரை எனக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் இல்லை என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. நான் மன்னிப்பும் கேட்கவில்லை, போவதை நிறுத்தவும் இல்லை. அது அவர்கள் வீடா என்ன? என் வரிசையில் இப்போது யாரும் உட்காருவதில்லை. என்னோடு பேசினால் கமிட்டி பார்க்கும் என்று பயம். பெஞ்சு முழுக்க நான் ஒருத்திதான். போன ஞாயிறு பாட்டு தொடங்கிய பிறகு யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பார்த்தால் வளர்மதி. நெற்றியில் பொட்டு, தலையில் பூ, கையில் புத்தகம் கிடையாது. நீ ஏன்டி வந்தாய் என்று கேட்டேன். "உங்க பக்கத்துல யாரும் உக்கார மாட்டறாங்கன்னு சொன்னாங்க அத்தே" என்றாள். திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து முன்னால் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். நீங்க போகலியா என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், எல்லாரும் திரும்பி வந்து உட்காருகிற வரை விடவில்லை. இத்தனை வருடம் அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறேன், அன்றைக்குத்தான் கோயிலுக்குப் போன மாதிரி இருந்தது.

அந்த இடத்துக்கு நீ வரவில்லை. ஒரு மணி நேரப் பஸ் பயணம், நீ வரவில்லை. கல்யாணம் உங்கள் இருவருடையது, எங்கே வைப்பது என்று நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள். அவளைக் கேட்டு முடிவெடு. நான் சொல்வதைக் கேட்காமல், வேறு ஊரில் வேறு ஒரு ஆயரைப் பிடித்து, அந்தப் பெண்ணை நம்பாததைச் சொல்ல வைத்து, பிளெஸ்ஸியாக்கிக் கூட்டிக்கொண்டு வந்தாலும் நான் கதவைச் சாத்த மாட்டேன். வளர்மதி என்று கூப்பிட்டு அவளை உள்ளே அழைத்துக்கொள்வேன். அவளுக்கு இந்த வீட்டில் எப்போதும் இடம் உண்டு. உன்னை உள்ளே விடுவதா என்று அதற்கப்புறம் நான் யோசிக்க வேண்டும்.

உன் அம்மா